ரொட்டிக்காரரிடம் வாங்கிய வேன்

பேச்சுவார்த்தை நடந்த அன்றைக்கு ரொட்டிக்கடையின் பின்கட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வேனை எனக்கு விற்ற ரொட்டிக்காரர். தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றுவிட்ட அவர் மனைவி. விலை முடித்துக் கொடுத்த தரகர். வேன் வாங்க மூவாயிரம் போட்டிருந்த என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான். இரண்டு தரப்புக்கும் பொதுவாக வந்து உட்கார்ந்த தோல் ஷாப் முதலாளி ஒருவர். பிறகு நான். ஏழாவதாக மெக்கானிக்கும் வந்திருக்க வேண்டும். அவரை நான் கூப்பிடவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆட்டுத்தோல் வியாபாரம். சுற்றுப்பட்டுச் சந்தைகளில் கறிக்கடைக்காரர்களிடம் பச்சைத்தோல் வாங்கி, அங்கேயே உப்புத் தடவி மடித்து, திண்டுக்கல் பேகம்பூருக்குக் கொண்டுவந்து, பதனிடுகிற தோல் ஷாப்களில் போடுவேன். மாட்டுவண்டியில் வந்துசேர்வதற்குள் வெயிலுக்குத் தோல் கெட்டுவிடுமோ, முடி உதிர்ந்துவிடுமோ என்று வழியெல்லாம் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அதனால்தான் வேன் வாங்கலாம் என்று மச்சான் சொன்னதும் சரி என்றேன்.

ரொட்டிக்காரர் வேதக்காரர், கிறிஸ்தவர். அந்த வேனை அவர் புதிதாக எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் பணம் போதாமல் விற்றார். சீட்டின் மேல் உறைகூட கிழியவில்லை. தரகர் மாட்டுச் சந்தையில் பழகியவர். எங்கள் இருவர் கைகளையும் மாறி மாறித் துண்டுக்கு அடியில் பிடித்து, விரல் கணக்கிலேயே விலையை முடித்தார்.

"நாலு காலா இருந்தா என்ன, நாலு சக்கரமா இருந்தா என்ன பாய்," என்றார். "பல்லப் புடிச்சுப் பாக்க முடியாது. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

இரண்டாம் மாதமே பின்விளக்கு எரியவில்லை. வயரை மாற்றினோம். பத்து நாளில் மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு ஹாரன் அடிக்கவில்லை. ஒருநாள் தானாகவே அடிக்க ஆரம்பித்து நிற்கவில்லை. நாலாம் மாதம் வண்டி ஸ்டார்ட் ஆவது நின்றது. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு சந்தையில் தோலை ஏற்றிவிட்டுத் தள்ளச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏனுங்க பாய், புது வண்டின்னு சொன்னீங்க," என்றார் கறிக்கடைக்காரர். "தோலுக்கு ஒரு வெல, தள்ளறதுக்கு ஒரு வெலைங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆறு மாத வண்டியை ஒருவன் சும்மா விற்பானா? ஏதோ கோளாறைத் தெரிந்துகொண்டுதான் என் தலையில் கட்டிவிட்டார். தேநீர்க் கடையில் சொன்னேன். தோல் ஷாப்பில் சொன்னேன். தொழுதுவிட்டு வெளியே வரும்போதும் யாராவது கேட்டால் சொன்னேன். ரொட்டிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது ஊர்ப்பேச்சாகிவிட்டது. பேகம்பூரில் அவரிடம் வழக்கமாக ரொட்டி வாங்கிய இரண்டு கடைகள் நிறுத்திக்கொண்டன.

ஏழாம் மாதம், தாடிக்கொம்பு அருகே பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் போன வண்டிமாட்டை ஒரு முழத்தில் தவிர்த்து வேனை வயலில் இறக்கினோம். யாருக்கும் அடியில்லை. மச்சான் அன்றைக்கே தரகரைப் பிடித்துவிட்டார். மாட்டை விற்றவன் குறையை மறைத்திருந்தால் நாலு பேர் முன்னால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பவேண்டும் என்பது சந்தை வழக்கம். துண்டு போட்டு முடித்த வியாபாரம்தானே, அந்த வழக்கம் இதற்கும் உண்டு என்று மச்சான் வாதாடினார். ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிக்காரர் கோயிலுக்குப் போய்வந்த பிறகு பேசுவது என்று ஆனது.

அந்த ஞாயிறு காலை மெக்கானிக் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், தோல் ஏற்றுகிற பலகைக்குக் கீழே விரலால் வழித்து அதை நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். "பாய், இதுல தோல் ஏத்துறீகளா, ஊறுகா போடுறீகளா?"

எனக்கு உடனே புரியவில்லை.

"உப்புத் தண்ணி எறங்கி வயரு, பைப்பு எல்லாத்தையும் தின்னுருக்கு. வண்டியக் கழுவுவீகளோ?"

கழுவினேன். தினமும் கழுவினேன். வாடை அடிக்கிறது என்று தெருக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்களோ என்று பயந்து, சாயங்காலம் ஆனால் பத்துக் குடம் தண்ணீரைப் பலகை மேல் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவேன். மேலே கிடந்த உப்பு அவ்வளவையும் இடுக்கு வழியாக அடியில் இறக்கியது நான்தான். உப்பு இரும்பைத் தின்னும் என்பது எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரியும். தராசுச் சங்கிலிக்கு நானே வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவேன். வண்டிக்கு அடியிலும் இரும்பு இருக்கிறது என்று தோன்றவில்லை.

"ரொட்டிக்காரரு மேல தப்பில்ல," என்றார் மெக்கானிக். "பேச்சுவார்த்தைக்கு நானும் வாரேன், சொல்லிர்றேன்."

"வேணாம், நானே சொல்லிக்கிறேன்," என்றேன்.

சொல்லத்தான் நினைத்துப் போனேன். ஆனால் வழியெல்லாம் மச்சான் பேசிக்கொண்டே வந்தார். அவர் பணம், அக்காவின் வளையலை வைத்து வந்த பணம். ஊர் முழுக்க நான் பேசியிருந்த பேச்சு வேறு. எதை முதலில் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டிக்காரர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மாவும் ரஸ்க்கும் ஏத்துன வண்டி. ஒரு நாளும் என்னை நடுவழியில விட்டதில்ல."

"எங்களை மட்டும் விடுதாக்கும்," என்றார் மச்சான். "ஆளு பாத்து நிக்கிதோ?"

தரகர் வாய்க்குள் சிரித்தார். ரொட்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் தெரிஞ்சே மறைச்சேன்னு நெனைக்கிறீகளா?"

அப்போது சொல்லியிருக்கலாம். "வண்டிதான் சொல்லுதே," என்றேன்.

அவர் பைபிளை எடுத்து வரச் சொன்னார். அவர் மனைவி நகரவில்லை. "இதுக்கெல்லாம் அதை எடுக்க வேணாம். காசக் குடுத்துருங்க," என்றார்.

தோல் ஷாப் முதலாளி அறுநூறு ரூபாய் என்று தீர்த்தார். இருநூறு அன்றே கைக்கு வந்தது. மீதியை மாதம் நூறாகத் தருவதாக ரொட்டிக்காரர் ஏற்றுக்கொண்டார்.

வயரையும் பைப்பையும் மாற்றிவிட்டு, பலகைக்கு அடியில் தகரம் அடித்து, கீழே தார் பூசச் சொன்னார் மெக்கானிக். பூசினேன். கழுவுவதை விட்டேன். அதற்குப் பிறகு வேன் என்னை எங்கும் நிறுத்தவில்லை. நாலு மாதமும் ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்து, நூறு ரூபாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற வேனை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இப்ப நல்லா ஓடுதாமே பாய். சந்தோசம்."

அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். இல்லை. நாலு தடவையும் நான் பணத்தை வாங்கினேன். உட்காருங்கள் என்றுகூட சொல்லவில்லை. உட்கார்ந்தால் பேச வேண்டிவருமே. மெக்கானிக்கை வழியில் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொல்லாமலே பணத்தைத் திருப்பிவிடுவது. நோன்பு மாதத்தில், பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு ரொட்டி வேண்டும், தேவைப்படும்போது ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி ரொட்டிக்காரரிடம் நூற்றைம்பது ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். ஆள் அனுப்பாமல் இருந்துவிடுவது என் திட்டம். அப்படியே நாலு வருட நோன்பில் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆள் வரும் என்று ஒரு வாரம் பார்த்தார். பிறகு அவரே தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின் சைக்கிளில் ரொட்டிக்கூடையோடு பள்ளிவாசலுக்கு வந்துவிட்டார். பெருநாளுக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து, நூற்றைம்பதுக்கும் சரக்கு வந்துவிட்டது, கடைசிக் கூடை மட்டும் தன் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு வருடம் நோன்பு வருவதற்குள் கடையை மூடிவிட்டு மகள் இருந்த ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்கள். மச்சானிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. நான் கொடுக்க வேண்டியது அறுநூறு ரூபாய். அதில் ஒரு ரூபாயும் குறையவில்லை.