மச்சான் மாட்டிய பன்னிரண்டு விளக்குகள்

ராஜபாளையத்தில் அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை போகும் தனியார் பேருந்தை ஓட்டுபவர் பீர் முகமது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. புது வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் வந்தது வினை.

மனைவி சம்சாத் பேகத்தின் தம்பி ரவூப் மின்சாமான் கடைக்காரன். தாய்வீட்டுச் சீராகப் பன்னிரண்டு வெள்ளை எல்இடி விளக்குகளை மாட்டிவிட்டுப் போனான். வீடு நகைக்கடை மாதிரி ஜொலித்தது. படுக்கும்வரை ஒன்றைக்கூட அணைக்க விடமாட்டாள் சம்சாத். அணைத்தால் தாய்வீட்டுக்கு மரியாதைக் குறைவாம். ஒன்பது மணிக்குப் படுக்கிற மனிதர் பன்னிரண்டு வரை புரண்டார். கசகசாப் பால் குடித்தார். தர்காவில் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டார். எதற்கும் தூக்கம் மசியவில்லை.

ஒருநாள் விடியலில், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கண் செருகி வண்டி மண்ணில் இறங்கிவிட்டது. கண்டக்டர் கத்தியதால் நாற்பது உயிர் தப்பியது. முதலாளி சங்கையா திட்டவில்லை.

“இன்னொரு தடவ கண்ணு மூடுச்சுன்னா சாவியக் குடுத்துருங்க பாய்” என்றார்.

அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அந்த வாரம் அடித்த காற்றில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, மூன்று நாள் கரண்ட் இல்லை. ஊரே புலம்ப, பீர் முகமது மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கே குறட்டை விட்டார். மூன்று மணிக்குத் தானாக எழுந்தார். நாலாம் நாள் கரண்ட் வந்தது, தூக்கம் போய்விட்டது. இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற டிரைவருக்கு இது தெரியாதா? படுக்கிற நேரத்தில் வீட்டைப் பட்டப்பகலாக்கினால், ராத்திரி வந்துவிட்டதென்று உடம்பு எப்படி நம்பும்?

ராத்திரியில் அந்த விளக்குகள் வேண்டாம் என்றதும், தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று சம்சாத் அழுதாள்.

“கழட்டவா சொன்னேன்? ஏழு மணிக்கு மேல போட வேணாம்னுதான் சொல்லுதேன். ஒந்தம்பி சீரும் வேணும், நானும் வேணுமில்ல, ஏட்டி?”

அன்று மாலை அவளே ஒவ்வொன்றாக அணைத்தாள். விஷயம் கேட்ட ரவூப் கோபித்துக்கொள்ளவில்லை. கூடத்துக்குச் சின்ன மஞ்சள் பல்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். ஆனால் கணவர் மூன்று மணிக்கு எழுந்ததும் பன்னிரண்டையும் பளிச்சென்று போட்டுவிடுவாள் சம்சாத். அந்த வெளிச்சத்தில் அவருக்கு மிச்சம் மீதித் தூக்கமும் ஓடிவிடும். சீர் வீணாகவில்லை என்று அவளுக்கும் மனம் குளிர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, டிரைவரின் கண்ணைக் கண்காணிக்க முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார் சங்கையா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆளை ஏற்றி, திருமங்கலம் தாண்டி, வண்டி அலுங்காமல் போனது. மதுரையில் நிறுத்தியபோது முதலாளிதான் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இறங்கிக்கொண்டான். பீர் முகமதுவுக்கு ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போலிருந்தது.

தோளைத் தட்டியதும் சங்கையா பதறி விழித்தார். வெட்கம் வடிந்ததும், வண்டியை ஓட்ட முடிகிறவரை பாய்தான் ஓட்டவேண்டும் என்றார். வீட்டில் இப்படித் தூங்கி எம்புட்டோ நாளாச்சு என்றும் முனகினார்.

பீர் முகமது ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்:

“வீட்டுல எத்தன லைட்டு எரியுது முதலாளி?”