மலை கிட்ட வந்த நாள்

அது ஆடிப்பூரத் தேர் நாள் என்பதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை. நான் நாலாம் வகுப்பு. என்ன கிழமை என்பதைத்தான், அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்காமல் விட்டுவிட்டேன்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில், வெளுத்த பேண்டேஜ் துணியை வெட்டவெளிக் கொடிகளில் காயப்போடுவது அம்மாவின் வேலை. குனிந்தும் நிமிர்ந்தும் அலுத்தவளுக்கு வானத்தைப் பார்க்க நேரமிருக்காது. விடுமுறை நாட்களில் அது என் பொறுப்பு. மேற்கே மலை நீலமாக நின்றால் கவலையில்லை. பச்சை தெரிந்து, மரம் மரமாகப் பிரிந்தால், மலை கிட்ட வந்துவிட்டது, மழை வரும் என்று அர்த்தம். நான் கத்த வேண்டும். துணியை அள்ளிக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். மலை உண்மையாகவே நடந்து வருகிறது என்று நம்பியிருந்தேன்.

அன்று மலை நல்ல நீலம். எனக்கோ, தேர் நிலைக்கு வருவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட வேண்டும். காலையில் கேட்டதற்கு, "துணி காயாம எங்கிட்டுப் போக?" என்றுவிட்டாள் அம்மா.

பதினொரு மணிபோலக் கத்தினேன். "எம்மா, மலை கிட்ட வந்துட்டு!"

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மேற்கே செத்த நேரம் பார்த்தாள்.

"எம்புட்டுக் கிட்ட வந்திருக்கு, ஏட்டி?"

"ரொம்பக் கிட்ட."

"அப்பம் அள்ளிர வேண்டியதுதான்."

ஈரத்துணியைக் கொட்டகையில் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, அதனால் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் தேரைப் பார்த்தேன். அவள் ஒரு கடைப் படியில் சாய்ந்து, அத்தனை கூச்சலிலும் வாய் திறந்து தூங்கினாள்.

மறுநாள் துணியில் பூஞ்சை வாடை. மேஸ்திரி விடவில்லை. "மலை வந்துச்சுன்னீங்க, மழை எங்கம்மா?"

"எங் கண்ணுக்குப் பச்சையாத்தாண்ணே தெரிஞ்சுது" என்றாள் அம்மா. அவ்வளவையும் அவளே மறுபடி அலசிப் போட்டாள்.

மலையின் நீலம் மலையில் இல்லை என்பதைப் பின்னால் படித்தேன். நடுவில் இருக்கும் காற்றின் மூலக்கூறுகள் வெயிலிலுள்ள நீலத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. மலை எட்ட இருக்க இருக்க அந்த நீலத்திரை கனக்கிறது. காற்றில் தூசியும் புகையும் அடங்கிய நாளில் திரை மெலிந்து பச்சை தெரிகிறது. மலை நடப்பதில்லை. இவ்வளவைப் புரிந்துகொள்ளப் புத்தகங்கள் போதுமாக இருந்தன.

அம்மா கடைசிவரை கண்ணாடி போட்டதில்லை. சாவதற்கு முந்தின வாரம்கூட, விளக்கைப் போடச் சொல்லாமலே ஊசியில் நூல் கோத்தாள்.