கேட்டில் திறந்த கேமரா

பக்கத்து வீட்டுக் கலைமணி அக்காவின் போனில் கேமரா ஏன் கருப்பாகவே இருக்கிறது? அன்று மாலை அக்கா போனை என் கையில் கொடுத்துக் கேட்டார்.

அக்கா எட்டு வருடமாக கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்பவர். டிப்ளமோ சேர விண்ணப்பித்திருந்தார். ஐந்து மணிக்குள் அவருடைய போனிலிருந்தே முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும். மணி நாலரை. நான் செட்டிங்ஸில் அனுமதி கொடுத்தேன், எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன். பலனில்லை.

"இன்னாடா, பிளஸ் டூ முடிச்சவன் நீயே முழிக்கிற?"

"காலைல கம்பெனி கேட்டுல போன ஸ்கேன் பண்ணாங்களாக்கா?"

"ஆமா, உள்ள படம் எடுக்கக் கூடாதுனு கேமராவ லாக் பண்ணுவாங்களே. வெளிய வரும்போது திரும்ப ஸ்கேன் பண்ணாதான் தொறக்கும். பண்ணாம பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டேன்... ஐயோ!"

பைக்கில் கேட்டுக்குப் பறந்தோம். செக்யூரிட்டி சிரித்தார். "பஸ்ஸ புடிச்ச, கேமராவ வுட்டுட்டியேம்மா!"

அவர் ஸ்கேன் செய்ததும் அங்கேயே பதிவுப் பக்கத்தைத் திறந்தோம்; திரையில் அக்காவின் முகம் வந்தது.

"மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கீதுடா."

"பரவால்லக்கா, பதிவு ஏத்துக்கிச்சு!"

நாலு ஐம்பத்திரண்டு. அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது கம்பெனிக்குப் போய்வந்து போன் கேமரா கருப்பாக இருந்தால், செட்டிங்ஸைக் குடைவதற்கு முன் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.