அத்தையின் கன்னத்துத் தேமல்

எங்கள் மாமாவைப் பொறுத்தவரை கிருமி என்றால் கிருமிதான். அதில் பெரியது, சின்னது, நல்லது, கெட்டது என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது. அம்மாவின் தம்பியான அவர் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்குச் சளி பிடித்தாலும், எனக்கு வயிற்றால் போனாலும், தறிக் குழியின் ஈரத்தில் அப்பாவுக்குக் கால் விரலிடுக்கில் புண் வந்தாலும், சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து நீட்டுவது சிவப்பும் மஞ்சளுமான ஒரே கேப்ஸ்யூலைத்தான். சளி ஒரு வாரத்தில் தானாகப் போகும். பெயர் மாமாவுக்குப் போகும்.

அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து தினமும் ஏனாத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கிருமிகளையே படிக்கிற ஒருத்தி வீட்டில் இருந்தும், கிருமி விஷயத்தில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அத்தைக்குப் பாடத்தை யாரிடமாவது ஒப்பித்தால்தான் மனதில் நிற்கும். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் அவளுக்கு வாத்தியார். மொட்டைமாடியில் தடிப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, அவள் கடகடவென்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஒன்றும் விளங்காமலே ‘ம், மேல’ என்று அதட்டுவேன். எனக்குப் புரியவில்லை என்று முறைத்தால் அவள் தமிழில் சொல்லியாக வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

“பாக்டீரியா சொந்தமா தறி வெச்சிக்கினு இருக்கிறவன்டி. சின்ன வீடு, ஒரே ரூமு. ஆனா அவன் நூலு, அவன் தறி, அவனே நெய்துக்குவான். வைரஸுக்குத் தறியே கெடையாது. டிசைன் அட்டைய மட்டும் அக்குள்ல இடுக்கிக்கினு வருவான். அடுத்தவன் வீட்டுல பூந்து, அவன் தறியில, அவன் நூல்லயே தன் டிசைன ஓட்டுவான்.”

“அப்ப பூஞ்சை?”

“அதுக்கும் சொந்தத் தறிதான். ஆனா வீடு நம்முளுது மாதிரி ரூம் ரூமா தடுத்திருக்குது. கட்டுமானமே வேற. அதனால பாக்டீரியாவக் கொல்ற மருந்து அதுங்கிட்ட பலிக்காது.”

தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த எனக்கு இது நன்றாகவே ஏறியது. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரான் வீட்டுக்குள் நுழைகிற வைரஸை நினைத்தால் எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்தப் புரட்டாசியில் அத்தையின் இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் வெள்ளை வெள்ளையாகத் தேமல் படர்ந்தது. அம்மா உடம்புச் சூடு என்றாள். மாமா கிருமி என்றார், கேப்ஸ்யூலும் கொடுத்தார். அத்தை தலையாட்டி வாங்கிக்கொண்டாள், விழுங்கவில்லை. அன்று இரண்டு டம்ளரில் பாலை ஊற்றி, இரண்டிலும் உறை மோர் விட்டு, ஒன்றில் மட்டும் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டினாள். மறுநாள் காலையில் ஒரு டம்ளரில் கெட்டித் தயிர். மற்றதில் பால் பாலாகவே நின்றது.

“தயிர் ஆக்கற பாக்டீரியாவ அது கொன்னுடுச்சி பார்த்தியா? என் மூஞ்சில இருக்கிறது பூஞ்சை. அத இது சீண்டக்கூட சீண்டாது” என்று சொல்லி, தன் பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு களிம்பு ட்யூபைக் காட்டினாள். “இதுக்கு மருந்து இதான்.” மூடியைக்கூடத் திருகாமல் திரும்ப உள்ளே வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆரணியிலிருந்து வரன் வந்தது. பட்டு வியாபாரம் செய்கிற குடும்பம். தையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், இதுவரை படித்ததே போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு பாக்கி.

“முடிச்சிடறேண்ணா” என்றாள் அத்தை.

“நல்ல இடம் தானா தேடிக்கினு வருது. வேணாம்னு சொன்னா நாளைக்கு யாரும்மா வருவாங்க?” என்றார் அப்பா. அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அத்தை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். எனக்குப் பட்டுப் பாவாடை நெய்து தருவதாக அப்பா சொல்லிவிட்டதால் நான் முழு மனதோடு மாப்பிள்ளை கட்சிக்குப் போய்விட்டேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். வழக்கமான சொஜ்ஜி பஜ்ஜி போதாதென்று, காஞ்சிபுரத்துப் பெருமை தெரியட்டும் என்று அம்மா மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் இட்லி வேகவைத்திருந்தாள். மாவு அன்று பிரமாதமாகப் பொங்கியிருந்தது. அதைப் பொங்க வைத்ததும் மாமாவின் பரம எதிரிகள்தான் என்பது மாமாவுக்குத் தெரியாது. நாலு துண்டு சாப்பிட்டார்.

அத்தையின் கன்னத்தில் அம்மா பவுடரை அப்பியிருந்தாள். மழைக்காலப் புழுக்கத்தில் அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. காபி கொடுக்கக் குனிந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“கன்னத்துல என்னாம்மா அது, வெள்ளையா இருக்குது? இப்பதான் வந்துதா, இல்ல ரொம்ப நாளா இருக்குதா?”

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெண்புள்ளியோ என்கிற பயம். அம்மா முகம் வெளுத்தாள். “சூடுதாங்க” என்றார் அப்பா. “கிருமிதாங்க, மருந்து குடுத்துக்கினுதான் இருக்கறேன்” என்றார் மாமா. ஆளுக்கொன்று சொன்னதில் வந்தவர்களுக்கு இருந்த சந்தேகம் இரண்டு மடங்கானது.

சரியான விடை அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மொட்டைமாடியில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற அத்தை, காபித் தட்டைப் பிடித்தபடி ஊமையாக நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. என் பாவாடை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. “அது வந்து, பூ...” என்று நான் ஆரம்பித்ததும், அத்தை தட்டை வைத்துவிட்டு, “பாவம், பசிக்குது இவளுக்கு” என்று ஒரு பெரிய இட்லித் துண்டை என் வாயில் திணித்தாள். சுக்குக் காரத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் மென்று விழுங்குவதற்குள் அவர்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லியனுப்பவே இல்லை.

பொங்கலுக்குள் அத்தையின் முகம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. “என் கேப்ஸ்யூல் லேட்டாதான் புடிக்கும், ஆனா புடிச்சா உடாது” என்று மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தை ஒரு தடவைகூட மறுக்கவில்லை. படிப்பை முடித்தாள், ஏனாத்தூர் பஸ்ஸில் பழக்கமான ஒருவரை எல்லோர் சம்மதத்துடனும் கட்டிக்கொண்டாள். இப்போது செவிலிமேட்டில் வீடு, கல்லூரியில் வாத்தியார் வேலை. அவளிடம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். மாமாவுக்குச் சளி பிடித்தால் இன்றைக்கும் அதே கேப்ஸ்யூல்தான்.

ஆரணிக்காரர்கள் போன அன்று மாலை நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். அத்தை கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, பென்சில் டப்பாவில் இருந்த அந்தக் களிம்பு ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள்.

“ஏன் அத்த, இது இத்தினி நாளா உங்கிட்டதான இருந்துது? ஏன் தடவல?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மறந்துட்டேன்டி” என்றாள்.

எனக்கு நெஞ்சே பதறிவிட்டது. பரீட்சை நெருங்குகிறது, கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை, கையில் இருக்கிற மருந்தே நினைவில் இல்லை. இப்படி மறந்தால் இவள் எப்படிப் பாஸ் பண்ணுவாள்? அப்போதே கீழே ஓடிப்போய், நாளையிலிருந்து அத்தைக்கு வல்லாரைக் கீரை சமைத்துப் போடும்படி அம்மாவை நச்சரித்தேன். ஞாபகசக்திக்கு நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வாரம் தவறாமல் வல்லாரைத் துவையல் அரைத்தாள் அம்மா. அத்தையும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கசப்பையெல்லாம் வழித்துச் சாப்பிட்டாள்.