மருமகள் தொண்டையும் மாமனார் தொண்டையும்

பிச்சாட்டூர் பக்கம் ஒரு ஊரில் வெங்கடலட்சுமி பெற்ற மூத்தவள் தாட்சாயணி. அதே ஊரில் அப்பாவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த மாசியில் அவள் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்து விறைத்து, உடம்பெல்லாம் ஊதாப் புள்ளி. புள்ளியைப் பார்த்ததுமே அம்மன் வந்துவிட்டாள் என்று அப்பாவு வாசலில் வேப்பிலை செருகினார். மருந்து உள்ளே வரக்கூடாது. உப்போ மோரோ வெளியே போகக்கூடாது. மறுநாளே பையன் போய்விட்டான்.

அழுது முடிப்பதற்குள் மகள் அம்சவேணிக்கும் அதே காய்ச்சல், அதே புள்ளி. தாட்சாயணி சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்தவள். இந்தப் புள்ளி அம்மைபோல மேலே எழும்பவில்லை, நீர் கோக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புருஷன் சம்பத் தன் அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவு வாசலை மறித்தார்.

"அம்மன் இருக்கற வீட்டைத் தாண்டிப் போனா, திரும்பி இந்தப் படி ஏறாத."

"உங்க பேச்சைக் கேட்டு ஒண்ணைக் குடுத்துட்டேன் மாமா. இதைக் குடுக்க மாட்டேன்."

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசௌந்தரி முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தாள். இது அம்மையே இல்லை, மூளைக்காய்ச்சல் என்றாள். ஊசிமேல் ஊசி போட்டுக் குழந்தையை மீட்டார்கள். ஒரு காது மட்டும் போய்விட்டது.

அம்மைக்குக் குத்துவதுபோல இதற்கும் முன்னாலேயே குத்தினால் என்ன என்று தாட்சாயணி கேட்டாள். அப்படி ஒரு தடுப்பூசி உலகத்திலேயே இல்லை என்றாள் டாக்டர். எத்தனையோ பேர் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. இன்னும் விடாமல் செய்கிறார்கள். அதற்கு ஊர் ஊராகக் கிருமி வேண்டும். அது நோயாளியிடம் மட்டும் இல்லை, நன்றாக நடமாடுகிறவர்கள் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும்.

தாட்சாயணி வாயைத் திறந்தாள். பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து வளர்த்துப் பார்த்ததில், அவள் தொண்டையிலேயே அது இருந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். மகனுக்கு இவளிடமிருந்து போயிருக்கலாம், வேறு யாரிடமிருந்தும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாள். "அப்போ ஊர்ல எல்லார் தொண்டையும் பாருங்க. நானும் வரேன்" என்றாள் தாட்சாயணி.

டாக்டரோடு ஆஸ்பத்திரி ஜீப் ஊருக்குள் போனதும் கூட்டம் கூடியது. தொண்டைக்குள் தமிழ் இருக்கிறதா தெலுங்கு இருக்கிறதா என்று பார்த்து எல்லைக்கோடு போட வந்திருக்கிறார்கள் என்று ஊர்க் கிண்டல்காரன் துலுக்காணம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவு சிரிக்கவில்லை.

"மோரே வெளிய குடுக்காத நேரம். எச்சிலைக் குடுப்பமா?"

தாட்சாயணி ஜீப்பிலிருந்து இறங்கினாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் நடுத்தெருவில் நின்று சொன்னாள்: "அந்தக் கிருமி என் தொண்டையில இருந்துச்சு. மாத்திரை துன்னுக்கினு இருக்கேன்."

"அப்போ பேரனைத் துன்னது நீதான்" என்றார் அப்பாவு.

"நானா இருக்கலாம். முத்தம் குடுத்துக் கொஞ்சின நீங்களா இருக்கலாம். பயமா இருந்தா வாயைத் திறக்காதீங்க மாமா."

ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அப்பாவு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஜீப்பின் முன்னால் போய், கோபத்தோடு வாயைப் பிளந்தார். அவரே திறந்தபிறகு, தன்மேல் பழி வேண்டாமென்று ஒவ்வொருவராகத் திறந்தார்கள். துலுக்காணத்துக்குக் குச்சி பட்டதும் குமட்டல் வந்து டாக்டர் புடவை நனைந்தது. எடுத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் வளர்த்து, தடுப்பூசிக்குப் பாடுபடுகிறவர்களுக்கு அனுப்பினார்கள். ஊசி வர இன்னும் பல வருஷம் ஆனது. இந்த ஊர்க் கிருமி அதற்கு உதவியதா என்பது யாருக்கும் தெரியாது.

தொண்டைப் பரிசோதனை முடிவு வரும்வரை தாட்சாயணி குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். முடிவு வந்த அன்று டாக்டர் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தோடு மாமனார் வாசலுக்குப் போய், படி ஏறாமல் நின்றாள்.

"இந்தாங்க மாமா. உங்க தொண்டையிலும் இருக்குதாம்."

அப்பாவு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"தண்ணி இல்லாம எப்படிமே முழுங்கறது?" என்றார். "உள்ள போய் எடுத்துக்கினு வா."