சும்மா இருக்காத கை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிற கை. அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று மருத்துவர் சொன்னதும், எண்ணெயையும் உப்பையும் குறைத்துத் தானே சமைக்கக் கிளம்பினார். கேரட்டையும் பீன்ஸையும் நறுக்கி, தண்ணீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும். அந்த விட்டுவிடுவதுதான் அவரால் ஆகாத காரியம். மூடியைத் திறந்து திறந்து கரண்டியால் அழுத்தித் தேய்த்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எரிச்சலாக வந்தது. காய் தட்டையாகித் தட்டுக்கு வந்தது.

"ஒரு சுருக்கம்கூட இல்ல" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

மறுநாள் காயை அடுப்பில் ஏற்றியவர், கையை அடக்க வழி தெரியாமல், பக்கத்திலேயே மேஜையைப் போட்டு அக்காவின் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். மூடியைத் தொடவே இல்லை. கண் மட்டும் அதைவிட்டு நகரவில்லை.

குளித்துவிட்டு வந்த அக்கா மூக்கைச் சுளித்தாள். "இன்னிக்கும் போச்சா? தீயற வாசனை வருதே."

"வந்து பாரு, எவ்வளவு பதமா வெந்திருக்குன்னு" என்று பெருமையாக மூடியைத் திறந்தார்.

உண்மைதான், பதமாக வெந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி இன்னும் சட்டை மேலேயே இருந்தது.