எனக்குப் பிடிக்காத படம்

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகமே கொண்டாடுகிற பழைய வெளிநாட்டுப் படம் என்று ஒன்றைப் போட்டார்கள். நாத்தனாரோடு நானும் போனேன். கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி கரையில் நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் படகு கவிழ்ந்து இறந்த அன்று எனக்கு அப்படி நிற்க ஏது நேரம்? வீடு நிறைய ஜனம், பசியோடு பிள்ளைகள்.

“வா, போலாம். இன்னா படம் இது?” என்று திரும்பினேன். நாத்தனார் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“இரு அண்ணி. அண்ணன் போனப்போ எல்லாரும் அண்ணியப் பாத்துக்கோனுதான் எங்கிட்ட சொன்னாங்க. நான் எங்க அழுதேன்?”

மறுபடி உட்கார்ந்தேன். கடைசிவரை அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அழுது தீரும்வரை ஓடட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.